தோட்டத்துச் சாளையில் ஒரு காட்டேரி இரவு: நடத்தும் முறை

மார்கழியின் பிற்பாதியிலோ தை மாதத்திலோ மேகமில்லாத ஓர் இரவைத் தேர்ந்துகொண்டு, பிள்ளைகளையும் வீட்டுப் பெரியவர்களையும் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, அழைத்துச் சென்றால், வானத்தில் ஒரு காட்டேரியையும், பேச்சில் ஒரு காட்டேரியையும், திரையில் ஒரு காட்டேரியையும் நள்ளிரவுக்குள் காட்டிவிடலாம். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில் இதைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். எதை எந்த நேரத்தில் செய்வது, எங்கே தவறு நேரும், பிள்ளைகளின் கேள்விக்கு என்ன விடை சொல்வது என்பவற்றை, இதே முயற்சியில் இறங்க விரும்புவோருக்காக எழுதுகிறேன்.

மூன்றையும் ஏன் ஒரே இரவில் வைக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரத்தம் குடிக்கும் உருவத்தைப் பற்றிய எண்ணம், வயதுக் கணக்கு பொருந்தாத இடத்தில்தான் பெரும்பாலும் பிறக்கிறது. மண்ணோடு மண்ணாகியிருக்க வேண்டிய பிணம் சிவந்த வாயோடு கிடக்கிறது. நேற்றுவரை கட்டுத்தறியில் சாணி அள்ளிக்கொண்டிருந்த இளம்பெண் ஒரு மாதத்தில் வெளிறிச் சாய்கிறாள். உடன்பிறந்தவையெல்லாம் முதுமையடைந்த பிறகும் ஒரு விண்மீன் மட்டும் நீல நிறத்தோடு இளமையாக ஒளிர்கிறது. இவற்றைக் கண்டவர்கள் அனைவரும் கேட்ட கேள்வி, யாருடைய உயிர் யாருக்குப் போயிற்று என்பதுதான். பிள்ளைகள் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால், அன்றைய இரவின் மூன்று பகுதிகளும் தாமாகவே ஒன்றோடொன்று சேர்ந்துவிடும்.

நாள் குறிப்பது

நாம் பார்க்கப் போகும் விண்மீனின் பெயர் அல்கோல். அரபு மொழியில் பூதத்தின் தலை என்று பொருள்படும் தொடரிலிருந்து வந்த பெயர் இது. கிரேக்கர்கள் வரைந்த வானப் படத்திலும், வீரன் பெர்சியஸ் வெட்டிக் கையில் பிடித்திருக்கும் மெடூசா என்ற அரக்கியின் தலையில்தான் இது அமைந்திருக்கிறது. 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை இதன் ஒளி மங்கி, மீண்டும் பழைய நிலைக்கு வருகிறது. மங்கத் தொடங்குவது முதல் மீள்வது வரை ஏறத்தாழ 10 மணி நேரம் ஆகும். ஆனால் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் மாற்றம், ஒளி மிகக் குறைந்து நிற்கும் அடிமட்டத்துக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் நடந்துவிடுகிறது. அடிமட்டத்தில் அதன் ஒளி வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

ஆகவே நமக்கு வேண்டியது, அடிமட்டம் இரவு எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் விழும் ஒரு நாள். முதல்முறை இந்தக் கணக்கைச் செய்யாமலேயே பன்னிரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். இரண்டு இரவுகள் பனியில் உட்கார்ந்தும் விண்மீன் கொஞ்சமும் மங்கவில்லை. மூன்றாம் நாள் யாரும் வரவில்லை. வானியல் இதழ்களிலும் இணையக் கணிப்பான்களிலும் அல்கோலின் அடிமட்ட நேரங்கள் கிடைக்கின்றன. அவை பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருப்பதால், ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு நேரம் தெரிந்துவிட்டால் மற்றவற்றை நாமே கணக்கிடலாம். ஒரு திங்கட்கிழமை இரவு 11 மணிக்கு அடிமட்டம் என்றால், அடுத்தது வியாழக்கிழமை இரவு 7:49-க்கு வரும். அதாவது மூன்று நாள் கழித்து, 3 மணி 11 நிமிடம் முன்னதாக. ஏழு சுற்றுகள் சேர்ந்தால் 20 நாளும் 1 மணி 43 நிமிடமும் ஆவதால், இன்று ஏழு மணிக்குப் பார்த்ததை இருபது நாள் கழித்து எட்டே முக்கால் மணிவாக்கில் மறுபடி பார்க்கலாம். இந்த இரண்டாவது கணக்கே எனக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது. நாட்காட்டியில் இருபது இருபதாக எண்ணிக் குறித்துக்கொண்டால் பருவம் முழுவதற்கும் போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் நாள் குறிக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையின் மேகம் எந்த நேரத்தில் வந்து மூடும் என்று சொல்ல முடியாது. மாசியில் வானம் தெளிவாக இருந்தாலும், விண்மீன் நள்ளிரவுக்கு முன்பே வடமேற்கில் தாழ்ந்துவிடுவதால் அது மீண்டெழுவதைக் காண முடியாமல் போகும். அல்கோல் நல்ல ஒளியுள்ள விண்மீன் என்பதால் நிலா இருப்பது பெரிய தடையாகாது. ஆயினும் நிலா இல்லாத இரவு பிள்ளைகளின் மனத்தில் பதிவதுபோல் மற்ற இரவுகள் பதிவதில்லை.

இடத்துக்குக் கொறங்காடு மிகவும் ஏற்றது. கிளுவை வேலி அடைத்த மேய்ச்சல் நிலத்தில் நடுவில் ஓரிரு வேலமரங்களைத் தவிர மறைப்பு இருக்காது. விண்மீன் வடக்கில் இருப்பதால், திருப்பூர் போன்ற நகரத்தின் வெளிச்சம் நமக்கு வடக்கே விழாத இடமாகப் பார்த்துக்கொள்வது நல்லது. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு என்பதால் எல்லோரும் செருப்போ பூட்ஸோ அணிந்திருக்க வேண்டும். இருட்டில் கையில் விளக்கில்லாமல் யாரும் ஓர் அடியும் வைக்கக் கூடாது. டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிவிட்டால், பாதையும் தெரியும், இருட்டுக்குப் பழகிய கண்ணும் கெடாது. அந்தப் பழக்கம் கண்ணுக்கு வர அரைமணி நேரம் ஆகும்; அதற்குள் ஒருவர் கைப்பேசியைத் திறந்தாலும் அத்தனை பேரும் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதாகிவிடும். ஆகையால் கைப்பேசிகளை ஒரு மரக்காலில் போட்டுச் சாளைக்குள் வைத்துவிடுகிறேன். நான்கு கயிற்றுக் கட்டில்களைத் தென்வடலாகப் போட்டு, தெற்கே தலைவைத்துப் படுக்கச் சொல்லுங்கள். வடக்கே தலை வைக்கக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வது இங்கே நன்றாகப் பொருந்திவருகிறது: கண் நேராக வடவானத்தைப் பார்க்கும், கழுத்து வலிக்காது.

விண்மீனைப் பிடிப்பது

தை மாதத்தின் முதல் வாரத்தில் இரவு எட்டு மணிக்குக் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், நம் முன்னோர் அறுமீன் என்று அழைத்த அந்தச் சிறு கொத்து, ஏறத்தாழத் தலைக்கு மேலேயே இருக்கும். அங்கிருந்து வடக்கே, சற்று மேற்காகச் சாய்ந்து, கையை முழுதாக நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் இரண்டு முட்டி அளவுக்கு இறங்குங்கள். அங்கே தனித்து நிற்பது அல்கோல். அதற்கு வடக்கே ஒரு முட்டி அளவில் உள்ள பளிச்சென்ற விண்மீன் மிர்ஃபாக். கிழக்கே ஒரு முட்டி அளவில் உள்ளது எப்சிலான் பெர்சி. மேற்கே ஒன்றேகால் முட்டி தள்ளி இருப்பது அல்மாக். இந்த நான்கையும் பிள்ளைகள் கண்மூடித் திறந்து மறுபடி சுட்டிக்காட்டும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். இங்கே அவசரப்பட்டால், பின்னால் எந்த விண்மீன் மங்கியது என்பதிலேயே வாக்குவாதம் வந்துவிடும்.

வழக்கமான நாளில் அல்கோலும் அல்மாக்கும் ஒளியில் ஏறத்தாழச் சமம். இரண்டும் எப்சிலானைவிடத் தெளிவாகப் பெரியவை. அடிமட்டத்தில் அல்கோல் எப்சிலானைவிடவும் சிறுத்துவிடும். அளக்கும் முறை எளியது. அல்மாக்கின் ஒளிக்குப் பத்து, எப்சிலானின் ஒளிக்குப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, அல்கோலுக்கு எத்தனை என்று ஒவ்வொரு பிள்ளையும் கால்மணி நேரத்துக்கு ஒருமுறை, பக்கத்திலிருப்பவரிடம் சொல்லாமல், நோட்டில் எழுத வேண்டும். எப்சிலானுக்கும் கீழே போனால் கழித்தல் குறி போட்டுக்கொள்ளலாம். ஏழேகாலுக்குத் தொடங்கினால் ஒன்பதுக்குள் ஏழெட்டு எண்கள் சேர்ந்துவிடும். தாங்கள் தனித்தனியாக எழுதிய எண்கள் ஒரே திசையில் இறங்கியிருப்பதைச் சிவப்பு வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும்போது அவர்கள் முகத்தில் தோன்றுவதை நான் எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

அந்த நேரத்தில் ஜான் குட்ரிக்கைப் பற்றிச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் வாழ்ந்த, காது கேளாத அந்த இளைஞர், 1782 நவம்பரில் அல்கோல் மங்குவதைக் கண்டு, தொடர்ந்து கணக்கெடுத்து, அது காலம் தவறாமல் நடக்கிறது என்று நிறுவினார். ஏதோ ஓர் இருண்ட பொருள் குறுக்கே வந்து மறைக்கலாம் என்று 1783-இல் அவர் எழுதியபோது வயது பதினெட்டு. அதே ஆண்டில் இராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் கிடைத்தது. இருபத்தொரு வயதில் இறந்துபோனார். 1889-இல் ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் நிறமாலையை ஆராய்ந்த ஃபோகல், அங்கே இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று உறுதிசெய்தார்.

யார் குடித்தது, யார் இழந்தது

ஒரு தவறை நடத்துபவரே செய்துவிடக் கூடும்: விண்மீன் மங்குவதையே இரத்தம் உறிஞ்சுவதாகச் சொல்லிவிடுவது. அது சரியன்று. மங்கிய ஒளியும் பெரிய உருவமும் கொண்ட விண்மீன், ஒளிமிக்க தன் துணையின் முன்னால் வந்து ஒரு பகுதியை மறைப்பதால்தான் நமக்கு ஒளி குறைகிறது, அது கிரகணம். உறிஞ்சியதற்கான சான்று வேறிடத்தில் இருக்கிறது. நிறை அதிகமான விண்மீன் தன் எரிபொருளை வேகமாகத் தீர்த்து முதலில் முதுமையடையும் என்பது விண்மீன்களுக்குப் பொதுவான விதி. அல்கோலில் ஒளிமிக்க விண்மீனுக்குச் சூரியனைப்போல மூன்று மடங்குக்கும் மேற்பட்ட நிறை இருக்கிறது. அது இன்னும் இளமை மாறாமல் நிற்கிறது. மங்கிய விண்மீனுக்கு ஒரு சூரியன் அளவு நிறைகூட இல்லை. அதுவோ உப்பி, குளிர்ந்து, முதுமையடைந்துவிட்டது. இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை. எடை குறைந்தது எப்படி முதலில் கிழடாயிற்று என்ற இந்தச் சிக்கல் வானியலாரை நெடுங்காலம் வாட்டியது.

விடை இதுதான்: இன்று மெலிந்திருப்பதுதான் ஒருகாலத்தில் பெரியதாக இருந்தது. நடுவில் உள்ள ஹைட்ரஜன் தீர்ந்ததும் அது உப்பியது. உப்பிய மேற்பரப்பு தன் சொந்த ஈர்ப்பின் எல்லையைத் தாண்டியதும், அதன் பொருள் பக்கத்து விண்மீனை நோக்கி வழிந்தோடியது. கொங்குப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேறு உவமை தேடவேண்டியதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஆயிரம் அடிக்கு ஆழ்துளைக் கிணறு இறக்கிய பிறகு நம் கிணற்றில் நீர்மட்டம் இறங்கி, நம் தென்னை மட்டை தொங்கும்போது அவர்கள் வாழை மட்டும் செழிக்கும் காட்சியைப் பார்த்தறியாத பிள்ளை இந்தப் பக்கத்தில் இல்லை. இதைச் சொல்லிவிட்டு, இரண்டில் எது காட்டேரி என்று கேளுங்கள். எல்லோரும் மங்கலான, மறைக்க வருகிற விண்மீனைத்தான் சொல்வார்கள். உண்மையில் குடித்தது, பளபளவென்று இளமையாக நிற்கும் மற்றது, மங்கியது இழந்தது. பூதம் என்று பெயர் வாங்கியதும் இழப்புக்கு ஆளானதும் ஒன்றே என்பதைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

இத்தகைய விண்மீன்கள் கூட்டமாக வாழும் இடத்தில் இன்னும் நன்றாக அடையாளம் தெரியும். 1953-இல் ஆலன் சாண்டேஜ் என்ற வானியலார் எம்3 என்னும் கோளக் கொத்தை ஆராய்ந்தபோது, ஒரே காலத்தில் பிறந்த பழைய விண்மீன்களின் நடுவே, இருக்கக் கூடாத அளவுக்கு நீலமாக, அதாவது இளமையாக, சில இருப்பதைக் கண்டார். மற்றவை முதுமைக்குப் போய்விட்ட பின் இவை மட்டும் பின்தங்கி நிற்பதால் நீலப் பின்தங்கிகள் என்று பெயர் வந்தது. துணையிடம் பொருளை உறிஞ்சுவதாலோ, இரண்டு விண்மீன்கள் ஒன்றாகக் கலந்துவிடுவதாலோ இந்த இளமை வருகிறது என்கிறார்கள். 2015-இல் ஏவப்பட்ட நம் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புறஊதாத் தொலைநோக்கி, இப்படிப்பட்ட நீலப் பின்தங்கிகள் சிலவற்றின் அருகே, எல்லாவற்றையும் இழந்து வெறும் சூடான உள்மையமாக எஞ்சிய துணையைக் கண்டுபிடித்திருக்கிறது.

நீலப் பின்தங்கிகள் உள்ள கொத்துகளில் ஒன்று நம் தலைக்கு நேர் மேலாகவே கடந்து போகிறது. கடக இராசியில், பூச நட்சத்திரத்துக்குத் தெற்கே ஒரு முட்டி அளவில் உள்ள எம்67 என்ற கொத்து அது. ஏறத்தாழச் சூரியனின் வயதை ஒத்த, 400 கோடி ஆண்டுப் பழமை அதற்கு. பழனிக்குக் காவடி எடுத்து நடக்கும் தைப்பூச இரவில் அதைத் தேட வேண்டாம். முழுநிலா பூசத்திலேயே நிற்பதால் ஒன்றும் தெரியாது. மாசி நடுவில் நிலா இல்லாத இரவு பதினொரு மணியை ஒட்டி, சாதாரண பைனாகுலரை வைத்துக்கொண்டு உச்சியைப் பார்த்தால், ஊதிய திருநீறு போன்ற மெல்லிய புகைத் திட்டாகத் தெரியும். அதிலுள்ள காட்டேரிகளைத் தனித்தனியாக அந்தக் கருவியால் பிரிக்க முடியாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

வானியலாரும் தவறிய கதை ஒன்றையும் சொல்வது நல்லது. எச்ஆர் 6819 என்ற விண்மீன் அமைப்பில் நமக்கு மிக அருகிலுள்ள கருந்துளை இருப்பதாக 2020-இல் அறிவித்தார்கள். இன்னும் நுட்பமாகப் பார்த்த பிறகு 2022-இல், அங்கே கருந்துளையே இல்லை, ஒன்றின் மேலுறையை மற்றது அண்மையில் உறிஞ்சி முடித்த இரண்டு விண்மீன்களே இருக்கின்றன என்று திருத்தினார்கள். முதலில் அறிவித்தவர்களில் சிலரும் அந்தத் திருத்தத்தில் கைகோத்தார்கள்.

பெரியவர்களைப் பேச வைப்பது

ஒன்பதரை மணிக்குக் கட்டில்களைச் சாளைத் திண்ணை ஓரமாக இழுத்துப் போட்டு, சுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, பெரியவர்கள் பக்கம் திரும்புங்கள். இதற்கான ஏற்பாட்டை ஒரு வாரத்துக்கு முன்பே பகலில் செய்திருக்க வேண்டும். சிலர் குடும்பத்தில் காட்டேரி அம்மன் வழிபடும் தெய்வம். அவர்களிடம் பேய்க்கதை கேட்பதுபோல் கேட்டால் மனம் புண்படும். ஒப்பந்தக் கூலிகளாகக் கயானாவுக்கும் டிரினிடாட்டுக்கும் கப்பலேறிய தமிழர்கள் அந்தத் தெய்வத்தைக் கூடவே கொண்டுபோய் இன்றும் கும்பிடுகிறார்கள். பிள்ளைகளுக்கும் இதை முதலில் சொல்லி, சிரிக்கக் கூடாது என்று உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டிராகுலா, கோரைப்பல், வௌவால் என்ற சொற்களை நீங்களாக எடுத்துக்கொடுக்காதீர்கள். எடுத்துக்கொடுத்தால் அவர்கள் படத்தில் பார்த்ததைத்தான் சொல்வார்கள். எங்கே நடந்தது, யாருக்கு நடந்தது, அதற்கு என்ன செய்தார்கள் என்ற மூன்றைமட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அம்மாவைப் பெற்ற என் அம்மிச்சியிடம் நான் சிறுவனாக இருந்தபோது கேட்டது நினைவில் இருக்கிறது. "அம்மிச்சி, காட்டேரி எங்கீங்க இருக்கும்?" என்றேன். "அது இட்டேரியில இருக்குது சாமி. உச்சிப் பொழுதுல ஒத்தையில போனா அடிச்சுப்போடும்" என்றார். இருபுறமும் வேலி உயர்ந்து, நடுவில் வண்டித்தடம் மட்டும் ஓடும் இட்டேரியில் நடுப்பகலில் நடந்திருப்பவர்களுக்கு, அங்கே காற்றே நின்றுபோகும் அந்த அமைதி தெரியும். பிறகு தன் தங்கையைப் பற்றிச் சொன்னார். பிள்ளை பெற்ற மூன்றாம் மாதம் அவள் உள்ளங்கை வெளுத்து, நகம் வெளுத்து, கிணற்று மேட்டில் ஏறினாலே மூச்சிரைக்க உட்கார்ந்துவிட்டாளாம். "ரத்தமெல்லாம் வத்திப்போச்சு கண்ணு. காட்டேரி குடிச்சுப்போட்டுதுன்னாங்க." வேப்பிலை அடித்தார்கள், திருநீறு மந்திரித்தார்கள், தலைமாட்டில் இரும்புத் துண்டு வைத்தார்கள், சேவல் அறுத்துப் படையல் போட்டார்கள். ஆடி பிறப்பதற்குள் அவள் இறந்துபோனாள்.

இந்தக் கதையை நான் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒரு சொல்லையும் மாற்றுவதில்லை. சொல்லி முடித்த பின்னரே கேட்கிறேன்: உள்ளங்கை ஏன் வெளுத்தது? பிள்ளைப்பேற்றில் போன இரத்தம் மீண்டும் ஊறாமல் இருந்திருக்கலாம். வெறுங்காலோடு ஈரத் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் பாதத்தோல் வழியாக நுழைந்து, குடற்சுவரைக் கவ்வி நாள்தோறும் இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு இருந்திருக்கலாம். இரத்தம் குடிக்கும் ஒன்று இருந்தது என்பதில் ஊரார் பொய் சொல்லவில்லை. அது எங்கே ஒளிந்திருந்தது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. வெளிறிப்போன உள்ளங்கையைக் கண்டால் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதைப் பெண்பிள்ளைகளிடம் அந்த இடத்திலேயே அழுத்திச் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பச் சுகாதார நிலையத்தில் விலையில்லாமல் கிடைக்கிறது.

நேரம் இருந்தால் கலிங்கத்துப்பரணிப் பேய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லலாம். சயங்கொண்டார் காட்டும் அந்தப் பேய்கள் பசியால் வாடி, போர்க்களத்தில் இரத்தத்தையே உலைநீராக வைத்துக் கூழ் காய்ச்சிப் பங்கிட்டுக் குடிக்கின்றன. நம் வழக்கில் இரத்தம் குடிப்பவருக்குப் பசி இருக்கிறது. பசிக்குப் படைத்தால் அடங்குகிறது.

ஐரோப்பாவில் நடந்தது வேறு மாதிரி. அங்கே குடித்தது கல்லறையிலிருந்து எழுந்த ஊர்க்காரன் என்று நம்பினார்கள். 1725-இல் அன்றைய ஹாப்ஸ்பர்க் ஆட்சியிலிருந்த செர்பியாவின் கிசிலேவோ கிராமத்தில், பீட்டர் பிளகோயெவிச் என்ற குடியானவர் இறந்த பிறகு ஒருவர் பின் ஒருவராக ஊரார் இறக்க, அவர் உடலைத் தோண்டிப் பார்த்தார்கள். உடல் அழுகவில்லை, வாயில் இரத்தம் இருந்தது, நகம் வளர்ந்திருந்தது என்று அதிகாரியே அறிக்கை எழுதினார்; நெஞ்சில் கூர்முளை இறக்கி எரித்தார்கள். 1732-இல் இராணுவ மருத்துவர்கள் கையெழுத்திட்ட இன்னோர் அறிக்கை ஐரோப்பா முழுவதும் பரவியது. இன்று தடயவியல் இதற்கு விளக்கம் தருகிறது. உடலுக்குள் வாயு சேர்ந்து வயிறு உப்பும்போது செந்நிற நீர் வாய் வழியே வெளியேறும். தோல் சுருங்கிப் பின்வாங்குவதால் நகம் வளர்ந்ததுபோல் தெரியும். குளிர்ந்த மண்ணில் உடல் மெதுவாகத்தான் அழுகும். ஹாப்ஸ்பர்க் மகாராணி மரியா தெரேசா 1755-இல் தன் மருத்துவர் வான் ஸ்வீட்டனை விசாரிக்கச் செய்து, கல்லறைகளைத் தோண்டுவதைத் தடுத்தார்.

இவற்றுள் என்னை அதிகம் வருத்துவது அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் நடந்தது. தாய், மூத்த மகள், பிறகு மெர்சி பிரவுன் என்ற பத்தொன்பது வயது மகள் என ஒரே வீட்டில் வரிசையாகக் காசநோயால் இறந்தார்கள். 1892 மார்ச்சில் மெர்சியின் உடலை எடுத்துப் பார்த்து, இதயத்தில் இரத்தம் இருப்பதாகக் கூறி அதை எரித்து, நோயுற்றிருந்த அவள் அண்ணனுக்கு அந்தச் சாம்பலை நீரில் கலந்து கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அவனும் இறந்தான். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்து அறிவித்தது 1882-இல். பத்து ஆண்டுகளாகியும் அந்தச் செய்தி அந்த வீட்டு வாசலை எட்டவில்லை. காசநோய் மருத்துவமனை இருந்ததால் பெருந்துறையில் ஓரிடத்தை இன்றும் சானடோரியம் என்றே அழைக்கும் நம் பக்கத்தவர்களுக்கு, ஒரு வீட்டையே அந்த நோய் எப்படித் தின்றது என்று விளக்கத் தேவையில்லை. அங்கே சிகிச்சை பெற்றுத் திரும்பியவர் யாரேனும் கூட்டத்தில் இருந்தால், அவரைப் பேசச் சொல்லுங்கள்.

திரை

பத்தரை மணிக்குப் படம். வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துச் சாளைச் சுவரில் நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டினால் திரை தயார். ஒலியைக் குறைவாக வையுங்கள். பட்டியில் ஆடுகள் மிரளும். திருச்சியில் ரயில்வே எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் படம் காட்டியதையும், 1914-இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டியதையும், வேட்டி கட்டி முடிக்கும் நேரத்தில் சொல்லிவிடலாம்.

நான் காட்டுவது எஃப். டபிள்யூ. முர்னாவ் இயக்கிய 1922-ஆம் ஆண்டின் ஜெர்மானிய ஊமைப்படமான நோஸ்ஃபெராட்டு. ஒன்றரை மணி நேரம் ஓடும். வன்முறை மிகக் குறைவு, நிழல்தான் பயமுறுத்தும். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அதற்கு முன்பே தூங்க வைத்துவிட வேண்டும், யாரும் மறைந்திருந்து அவர்களைத் திடுக்கிடச் செய்யக் கூடாது. இடையே வரும் எழுத்துப் பலகைகளை ஒருவர் தமிழில் உரக்கச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அந்தக் காலக் கொட்டகைகளில் படம் விளக்குபவர் செய்த வேலை அது. நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு பெரியவரிடம் இதை ஒப்படைத்தால் படத்துக்குப் புது உயிர் வரும்.

படத்தின் முடிவில் விடியல் ஒளி பட்டதும் அந்த உருவம் கரைந்து மறைகிறது. அங்கே நிறுத்துங்கள். வெயில் பட்டால் இரத்தக்காட்டேரி சாகும் என்பது தொன்றுதொட்டு வந்த நம்பிக்கை என்றுதான் பலர் எண்ணுகிறார்கள். அதை நிலைநாட்டியது இந்தப் படம். பிராம் ஸ்டோக்கரின் 1897-ஆம் ஆண்டு நாவலான டிராகுலாவில் டிராகுலா பிரபு பகலில் தெருவில் நடக்கிறார், ஆற்றல்தான் குறைந்திருக்கும். உரிமை பெறாமல் அந்த நாவலைத் தழுவியதால், ஸ்டோக்கரின் மனைவி தொடுத்த வழக்கில் 1925-இல் படத்தின் படிகளையெல்லாம் அழிக்க ஆணை பிறந்தது. வெளிநாடுகளுக்குப் போயிருந்த படிகள் தப்பிப் பிழைத்ததால் இன்று நாம் பார்க்கிறோம். 1931-இல் பேலா லுகோசி நடித்து வந்த டிராகுலா படத்தில் கோரைப்பல் காட்டப்படவேயில்லை. அதே அரங்குகளில், அதே சமயத்தில், இரவு நேரங்களில் வேறு நடிகர்களைக் கொண்டு ஸ்பானிய மொழியிலும் அப்படத்தை எடுத்தார்கள். 1958-இல் கிறிஸ்டோபர் லீ டிராகுலாவாக வண்ணத்தில் வந்தபோதுதான் நீண்ட பல்லும் சிவந்த இரத்தமும் உலகத்தின் கண்ணில் பதிந்தன. 2025-இல் வந்த லோகா என்ற மலையாளப் படம் நாட்டுப்புறக் கதைகளில் வரும் யட்சியான கள்ளியங்காட்டு நீலியை நாயகியாக்கியதைப் பாலக்காட்டை ஒட்டியுள்ள நம் ஊர்க்காரர்களில் பலர் பார்த்திருப்பார்கள். நம் மண்ணின் நீலியை மேற்கத்திய இரத்தக்காட்டேரியோடு இணைத்ததில் எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கச் சொன்னால், பெரிய பிள்ளைகள் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

படக்கருவியின் வெளிச்சத்துக்குப் பூச்சிகள் வரும். பூச்சிகளைப் பிடிக்க வௌவால் வரும். பிள்ளைகள் கத்தும் அந்த நிமிடத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இரத்தம் குடிக்கும் வௌவால் உலகில் மூன்றே இனங்கள். மூன்றும் மெக்சிகோ முதல் தென்னமெரிக்கா வரையிலான நாடுகளில் மட்டும் வாழ்கின்றன. கதையிலிருந்த பெயரை அவற்றுக்கு ஐரோப்பியர் பின்னால் வைத்தார்கள். நம் நாட்டுப் பாழடைந்த கட்டடங்களில் தங்கும் பெரிய காது வௌவால் ஒன்றுக்குப் போலி இரத்தக்காட்டேரி என்ற பொருளில் பெயர் இருந்தாலும், அது பூச்சி, தவளை, பல்லி, எலிக்குஞ்சு ஆகியவற்றைத் தின்னுமே தவிர ஒரு துளி இரத்தமும் உறிஞ்சுவதில்லை. வௌவாலைக் கண்டால் துரத்தவேண்டாம், கையால் தொடவும் வேண்டாம்.

படம் முடிந்ததும் விளக்கைப் போடாதீர்கள். பத்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, சிவப்பு டார்ச்சோடு எல்லோரும் மறுபடி கொறங்காட்டுக்கு வாருங்கள். மணி பன்னிரண்டை ஒட்டியிருக்கும். பனி இறங்கிப் புல் நனைந்திருக்கும். கார்த்திகைக் கூட்டம் மேற்கே சாய்ந்திருக்கும், அல்கோல் வடமேற்கில் வானத்தின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு இறங்கியிருக்கும். எப்சிலான் இப்போது அதற்கு மேலே நிற்கும். அல்மாக் மிகவும் தாழ்ந்து மங்கலாகத் தெரியும் என்பதால் அதை விட்டுவிட்டு, எப்சிலானோடு மட்டும் ஒப்பிட்டு நோட்டில் கடைசி எண்ணை எழுதச் சொல்லுங்கள். மூன்று மணி நேரத்துக்கு முன் எப்சிலானுக்குக் கீழே போயிருந்த விண்மீன் அதைத் தாண்டி நிமிர்ந்து ஒளிரும். எண்ணுக்குப் பக்கத்தில் தேதியையும் மணியையும் எழுதி, இருபது நாளும் 1 மணி 43 நிமிடமும் கூட்டி, அடுத்த இரவின் நேரத்தைக் கரித்துண்டால் சாளைக் கதவின் உட்புறத்தில் குறித்துவிட்டு வாருங்கள்.